மாமியின் கண்ணும் கிழமைச் செய்தியும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் கலைகிற நேரம். சந்தித் தேநீர்க் கடையின் பக்கச் சுவரில் கோதுமை மாப் பசையைப் பூசி, அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரங்களுக்கு உள்ளங்கையால் அழுத்திவிடுவார் எங்கள் சேவைக் கழகத்தின் செயலாளர். பசை காய்வதற்குள் அதை ஒருமுறை உரத்து வாசிப்பதும் அவர்தான். எழுத்துத் தெரியாதவர்களுக்காக என்று சொல்வார். தெரிந்தவர்களும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். தபாற் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். ஊரின் எல்லா வாசல்களும் அவருக்குத் தெரியும். கடிதங்கள் குறைந்துபோன காலத்தில், வாரம் ஒன்றாக ஒட்டும் அந்தக் கிழமைச் செய்தித் தாளையே ஊருக்கு எழுதும் கடிதமாக நினைத்துக்கொண்டார் போலும்.

தில்லையடியில் தட்டச்சும் நகலும் எடுத்துக் கொடுக்கும் என் கொமினிகேஷன் கடைக்கு வியாழன் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருவார். கதிரையை என் பக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். தாளில் எப்போதும் இரண்டு பகுதிகள்: நடந்தவை, நடக்க இருப்பவை. களப்பு நீரோரம் கண்டல் மரக் கன்று நட்டது, டெங்கு ஒழிக்க ஊர்கூடித் துப்புரவாக்கிய சிரமதானம், மதுரங்குளியில் இரத்ததான முகாம், வெள்ளத்தில் பாடப் புத்தகங்களை இழந்த பிள்ளைகளுக்குப் புத்தகம் சேர்ப்பது என்று செய்திகள் சின்னவைதான். ஆனால் ஒரு சொல் கூடினாலும் நிறுத்திவிடுவார். “‘மாபெரும்’ எண்டு போடாதீங்க மகள். ஒரு ஒழுங்கையத்தானே கூட்டினோம்” என்பார். அப்படிப்பட்டவருக்குத்தான் அந்தத் தாளே பெரிய சோதனையாக வந்தது.

கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு ஆட்களைத் திரட்டி வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போவதென்று கழகம் முடிவெடுத்தது. ‘நடக்க இருப்பவை’யில் அது வந்ததும் பலர் தாங்களாகவே பெயர் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களில் ஒருவர், என் கடைக்குப் பின்னால் குடியிருந்த மாமி. கணவர் மௌத்தான பிறகு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத் தனியாகப் பிழைத்து வந்தவர். இரண்டு கண்ணிலும் புரை. இடியப்ப உரலைப் பிழிவதும் தட்டை அடுக்குவதும் கைப்பழக்கத்திலேயே நடந்தன. செயலாளர் போய்க் கேட்டபோது, “இருக்கிற பார்வ எனக்குப் போதும் தம்பி. இதையும் கெடுத்துப்போட்டா நான் என்ன செய்ய?” என்றார். செயலாளர் விடவில்லை. மறுபடி மறுபடி போனார். “நானே கூட வாறன் ராத்தா. ஒங்கட கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய், கையப் புடிச்சே கூட்டிட்டு வாறன்” என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார்.

சொன்னபடி கூடவே போனார். எல்லோரும் ஒற்றைக் கண்ணில் வெள்ளைத் துணியோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய படத்தை அந்தக் கிழமைத் தாளில் போட்டோம். மற்றவர்களுக்குப் பார்வை வந்தது. மாமியின் வலது கண் மட்டும் சிவந்து வீங்கியது. வேதனையைச் சொன்னால் தொந்தரவென்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். செயலாளர் பார்த்துப் பதறி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபோது உள்ளே கிருமி பிடித்துவிட்டிருந்தது. அரிதாக இப்படி நடப்பதுண்டு, யாரையும் குறை சொல்ல முடியாது என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லாமல் திரும்பினார். அந்தக் கண் திரும்பவில்லை.

அடுத்த வியாழன் செயலாளர் வந்தபோது முகச்சவரம்கூடச் செய்திருக்கவில்லை. ‘நடந்தவை’யில் முதலாவதாக, மாமியின் வலது கண்ணில் பார்வை போய்விட்டது என்றும், வேண்டாம் என்றவரை வற்புறுத்திக் கூட்டிப்போனது கழகம்தான் என்றும் போடச் சொன்னார். நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே கழகத் தலைவர் வந்துவிட்டார். இரும்புக்கடை ஹாஜியார், கெட்ட மனிதரல்ல. என் தோளுக்கு மேலாகத் திரையை வாசித்தார்.

“இத எடுங்க சேர். அடுத்த முகாமுக்குச் சனம் பேர் குடுத்து ஈக்குது. இதப் பாத்தா ஒருத்தரும் வர மாட்டாங்க. கண்ணு தெரியாமயே கெடந்து மௌத்தாவாங்க. அந்தப் பாவம் யாருக்கு?”

செயலாளர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “நல்லது நடந்தா கழகம் செஞ்சது. கெட்டது நடந்தா மட்டும் அல்லாஹ் செஞ்சதா, ஹாஜியார்?”

தலைவர் வெளியே போனார். தாள் அச்சானது. வெள்ளிக்கிழமை செயலாளர் அதை ஒட்டி, உரத்து வாசித்தார். நான் தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்டேன். தாளைப் பார்த்தபடி நின்ற ஆண்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

தலைவர் சொன்னபடியே நடந்தது. பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், இரண்டாம் முகாம் நின்றுபோனது. கற்பிட்டிப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர், முதலாவதாகப் பெயர் கொடுத்த மனிதர், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகிற நிலைக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுச் செயலாளர் அவரைத் தேடிப் போனார். “அந்த மனிசிக்கு நடந்தத நீங்கதானே ஐயா எழுதினீங்க. அதுக்குப் பிறகு எப்பிடி நம்பி வாறது?” என்று அவர் கேட்டிருக்கிறார். இதை என்னிடம் சொன்ன அன்று செயலாளர் ‘நடக்க இருப்பவை’ சொல்லாமலே எழுந்து போய்விட்டார்.

அதைவிடப் பெரிய அடி மாமியிடமிருந்து வந்தது. ஒரு பின்னேரம் நானும் செயலாளரும் கடையில் இருந்தபோது முந்தானையை வலது கண்ணுக்கு மேலாக இழுத்துப் பிடித்தபடி வந்து நின்றார். அவருக்கு நான் கதிரையைத் தள்ளினேன். உட்காரவில்லை.

“என்ட கண்ணு போனத நான் யாரிட்டயாவது கதைச்சேனா தம்பி? நீங்க சொவர்ல ஒட்டிட்டீங்க. இப்ப கடக்காரன் சொல்றான், கண்ணு தெரியாத மனிசி புழிஞ்ச இடியப்பத்துல என்ன கெடக்குமோண்டு சனம் வாங்குதில்லையாம். கண்ணு போனாலும் தொழில் இருந்திச்சு. அதையும் எடுத்துட்டீங்க. ஒட்ட முந்தி எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

செயலாளர் எழுந்து நின்றார். மாமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் போன பிறகு செயலாளர் நேராகச் சந்திச் சுவருக்குப் போனார். மேலே ஒட்டிய புதிய தாள்களை உரித்து, அடியில் இருந்த அந்தத் தாளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. துண்டு துண்டாகத்தான் வந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பில் அது யாருடைய உண்மை என்று அவர் யோசிக்கவில்லை. ஊருக்கு மறைக்கக் கூடாது என்று நினைத்த மனிதர், பாதிக்கப்பட்டவரின் வாசலுக்குப் போய்க் கேட்க மறந்துபோனார். இதை நான் இப்போது எளிதாக எழுதுகிறேன். அன்று எனக்கும் அது தோன்றவில்லை.

அதன் பின் காலையில் மாமியின் இடியப்பம் போகிற தேநீர்க் கடைகளில் செயலாளர் உட்காரத் தொடங்கினார். ஒருநாள் ஒரு கடை, மறுநாள் இன்னொன்று. வாசலைப் பார்த்த மேசையில் இருந்துகொண்டு, “மாமிட இடியப்பம் ஈக்குதா? அதத் தாங்க” என்று எல்லோருக்கும் கேட்கும்படி வாங்கிச் சாப்பிடுவார். சீனி வருத்தக்காரர், அத்தனை இடியப்பம் அவருக்கு ஆகாது என்று மனைவி என்னிடம் வந்து குறைப்பட்டார். மெதுவாகச் சில கடைகள் பழையபடி வாங்கத் தொடங்கின, சில கடைசிவரை வாங்கவில்லை. மாமி அவரோடு பேசவில்லை. ஒழுங்கையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில் மாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இடது கண்ணும் அநேகமாக மூடிவிட்டது. கொதிநீரில் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். “அந்தத் தம்பிய வரச் சொல்லுங்க மகள்” என்றார். செயலாளர் வந்து வாசலிலேயே நின்றார்.

“இந்தக் கண்ணையும் வெட்டத்தான் வேணும். ஏலாமப் போச்சு. எனக்கு வேற யாரும் இல்ல, நீங்க கூட வாங்க. ஆனா ஒரு எழுத்தும் எழுதப்படாது.”

“எழுத மாட்டன் ராத்தா.”

“நல்லது நடந்தாலும் எழுதப்படாது.”

“ஓம்.”

மூவருமாகக் கொழும்புக்குப் போனோம். பஸ்ஸில் செயலாளர் வழிநெடுக ஓதிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாங்கில் அவர் உட்காருவதும் எழும்புவதுமாக இருந்ததைப் பார்த்து, நோயாளி அவர்தான் என்று நினைத்துத் தாதி ஒருவர் சிங்களத்தில் விசாரித்தார். மறுநாள் கட்டை அவிழ்த்ததும் மாமி முதலில் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு செயலாளரை நீண்ட நேரம் பார்த்தார். “வயசு போயிட்டுத் தம்பி ஒங்களுக்கு” என்றார். செயலாளர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அந்த வியாழனும் வழக்கம்போல் வந்தார். வடிகான் துப்புரவாக்கியதையும் முன்பள்ளிக்கு நிழல்மரம் வைக்கப்போவதையும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

செயலாளர் மௌத்தாகிவிட்டார். மாரடைப்பு, சுபஹுத் தொழுகைக்கு எழுந்தவர் கைகால் கழுவி வுழூச் செய்யும் இடத்திலேயே சரிந்துவிட்டார். கழகச் செய்தி இப்போது கைபேசிக் குழுவில் போகிறது, அனுப்புவது நான்தான். படங்களும் பூக்களும் வாழ்த்துகளுமாக நிறைந்த அதில் கெட்ட செய்தி எதுவும் வருவதில்லை. கண் முகாம் ஒன்றை மறுபடி நடத்தலாம் என்று இந்தக் கிழமை பேச்சு எழுந்திருக்கிறது. போன தடவை என்ன நடந்தது என்று புதிய உறுப்பினர்கள் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா, எப்படிச் சொல்வது என்ற யோசனையில் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. கடைசியில் மாமியின் வீட்டுக்குப் போனேன். மா சலித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் எழுதலாமா என்று கேட்டேன்.

சலிப்பதை நிறுத்தாமல் நெடுநேரம் யோசித்தார். “பேர் போடாம எழுதுங்க” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அவர நான் மன்னிச்சு மாப்புச் செஞ்சிட்டன். அதையும் எழுதுங்க” என்றார்.

“அவருக்கிட்டச் சொன்னீங்களா மாமி?”

மாமியின் கை நின்றது.

“இல்ல மகள். ஒவ்வொரு கிழமையும் சொல்லணும் எண்டு நெனைச்சன். கெழமைக்குக் கெழம தள்ளிப்போச்சு.”