என் தங்கையைக் கொண்டுபோன ஓங்கில்

கடல்தண்ணீரில் நனைந்து காய்ந்த துணி அப்பளம்போல மொடமொடவென்று ஆகிவிடும், மடித்தால் மடிப்போரத்தில் வெள்ளையாய்ப் பொடி உதிரும் என்பதெல்லாம் கரிசல் மண்ணில் பிறந்த எனக்குப் பதினைந்து வயதுவரை தெரியாது. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணிகளில் கறுப்புப் புழுதிதான் படியும். அப்பா வேலை பார்த்த "தீப்பெட்டி ஆபீஸ்" தீக்குச்சி மருந்தின் வாடை சாயங்காலமானால் அவர் சட்டையோடு வீட்டுக்குள் வரும். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிற தூரத்தில்தான் கடல் இருந்தது. ஆனால் அந்தக் கடலுக்கு வருடந்தோறும் போய்வந்தவள் என் தங்கை கலா.

தூத்துக்குடியில் எங்கள் சித்தி இருந்தாள். சித்தப்பா கடற்கரைப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. முழுப்பரீட்சை லீவு விட்டதும், "சின்னவள அனுப்பி வைங்க" என்று தகவல் வந்துவிடும். அம்மாவுக்கு மூச்சு இளைப்பு. மழைக்காலமானாலும் சரி, பஞ்சு பறக்கிற வெயில்காலமானாலும் சரி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "பெரியவ போயிட்டா எனக்கு ஒரு சோலியும் ஓடாது" என்று அவள் சொல்லும்போது, அதை ஒரு தண்டனையாகத்தான் நான் கேட்டுக்கொள்வேன்.

லீவு முடிந்து கலா வெயிலில் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து வருவாள். ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு கதை அளப்பாள். "ஓங்கில்னு ஒண்ணு இருக்குக்கா. பாத்தா மீனு மாதிரித்தான் இருக்கும், ஆனா மீனு கெடையாது. நம்மள மாதிரியே மூச்சு விடும். வள்ளத்துக்கு முன்னால தாவித் தாவி வரும்." பள்ளிக்கூடத்தில் டால்பின் என்று படித்ததுதான் அது என்று எனக்குத் தெரியும். டிவியில் பார்த்ததை வைத்து அளக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்வேன். சொல்லிவிட்டு, அடுத்த ராத்திரி அவள் எப்போது ஆரம்பிப்பாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

நான் பத்தாவது எழுதி முடித்த லீவில் அத்தை ஒருத்தி அம்மாவுக்குத் துணையாக வந்திருந்ததால், முதல்முறையாக நானும் போனேன். போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சித்தப்பா கடையில் சாமான் வாங்கும் அந்தோணி அண்ணாச்சி என்கிற வள்ளக்காரர், ஓங்கில் குட்டி ஒன்று கரையில் ஒதுங்கிக் கிடப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓடினார். கலா அவருக்கு முன்னால் ஓடினாள், நான் பின்னால்.

முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில், மணலில் வயிறு பதிய அது கிடந்தது. தலைக்கு மேலிருந்த துளை வழியே "புஸ், புஸ்" என்று மூச்சு விட்டது. "முதுகு காஞ்சா செத்துரும். ஈரத்துணி போடுங்க, மூச்சு விடுத எடத்த மட்டும் மூடிராதீய" என்றார் அண்ணாச்சி. என் துப்பட்டாவைத்தான் போட்டார்கள். பக்கத்துக் குடிசையிலிருந்து வாளி வாங்கி, கடல் ஏறி வரும்வரை தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றியதும் நான்தான். கலா அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். அதன் கண் அவளையே பார்த்தது. நான் மறுபக்கம் போய் நின்று பார்த்தேன். அந்தக் கண்ணும் என்னைப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

தண்ணீர் ஏறியதும் நாலைந்து பேர் சேர்ந்து குட்டியை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது ஒரு தரம் புரண்டு, நிமிர்ந்து, போய்விட்டது. "இந்தப் பிள்ளைக்கு ஓங்கில் பாஷை தெரியும்போல" என்று அண்ணாச்சி கலாவின் தலையைத் தடவினார். கடைக்கு வந்த ஆட்களெல்லாம் அவளை விசாரித்தார்கள். மொடமொடத்துப்போன துப்பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் மிட்டாய்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல இருந்தது.

அந்த வருடமே, கலா தங்களோடு இருந்து படிக்கட்டும் என்று சித்தி கேட்டாள். அப்பா சரி என்றார். எனக்கும் ஆசை இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. அடுப்படியில் அம்மா இளைக்கும் சத்தம் கேட்டது. எழுந்து வெந்நீர் வைக்கப் போய்விட்டேன்.

கலா ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சியின் வள்ளத்தில் போனாள். வாந்தி எடுத்து எடுத்துக் கடலுக்குப் பழகினாள். எங்கே பறவை வட்டமிட்டால் ஓங்கில் வரும் என்று படித்தாள்; பிறகு கல்லூரியில் அதையே படித்தாள். இப்போது அதுதான் அவளுக்கு வேலை. முதுகுத் துடுப்பின் வெட்டுகளைப் படம் பிடித்து ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்துக்கொள்வாள், தண்ணீருக்குள் மைக்கை இறக்கி அவை பேசுவதைக் கேட்பாள், வலையில் சிக்கியதை எப்படி விடுவிப்பது என்று மீனவர்களோடு உட்கார்ந்து பேசுவாள். நான் கோவில்பட்டியிலேயே வாழ்க்கைப்பட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முழுகாமல் இருக்கிறேன் என்று நான் போன் செய்த அன்று, "இங்கயும் ஒண்ணு குட்டி போடப் போவுதுக்கா!" என்று கத்தினாள். நான் போனை வைத்துவிட்டேன். ஓங்கிலைக் கண்டதற்காக அவள்மேல் இருந்த பொறாமை, அவளை எடுத்துக்கொண்டதற்காக ஓங்கில்மேல் திரும்பியது அன்றைக்குத்தான்.

போன வருடம் அம்மா இறந்தபோது கலா கடலுக்குள் இருந்தாள். போன் எடுக்கவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சென்ற மாதம் தூத்துக்குடி போயிருந்தேன். சித்தப்பாவின் கடை இல்லை. குட்டி ஒதுங்கிய கரையைச் சுற்றி காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் யாரும் போக முடியாது. அந்தோணி அண்ணாச்சியும் காலமாகிவிட்டார், அவர் மகன்தான் வள்ளம் ஓட்டுகிறார். கலா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கரை மறைந்ததும் அவளிடம் கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, எங்கள விட்டுட்டு இங்கன எப்படி ஒனக்கு இருக்க முடிஞ்சுது?"

அவள் கேமராவின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "நீ அம்மா பக்கத்துலயே படுத்துக் கெடந்தேல்லா? எனக்கு லீவுக்கு வந்து பாக்குத அம்மாதான கெடச்சா. கடைசியில ஒன் மடியிலதான போனா. ஒன்ன நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுதுக்கா."

அந்த வீட்டுக்காக, அந்த இளைப்புச் சத்தத்துக்காக ஒருத்தி என்மேல் பொறாமைப்பட முடியும் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. அப்போது இன்ஜின் நின்றது. "வருது, வருது" என்றார் அண்ணாச்சியின் மகன். இடதுபக்கம் கூட்டமாக ஓங்கில்கள் எழும்பின. கலா என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, வேலையப் பாரு. போயிரப் போவுது" என்றேன்.

"போவட்டும்க்கா" என்றாள்.