நாலரைச் சேலை தூரம்

என் வீட்டுக்காரர் குழந்தைவேல் முட்டை லாரி ஓட்டுகிறார். நாமக்கல்லில் ஏற்றிக் கேரளத்தில் இறக்குவார். ஓட்டுநர் ஆவதற்கு முன்பு, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஒன்பது வருடம் பெயிண்ட் அடித்தவர். பின்பலகையில் இருக்கும் கிளியின் மூக்கைப் பார்த்தே எந்தப் பட்டறை என்று சொல்லிவிடுவார். தெரிந்தவர்களின் வண்டி எண்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அதனால்தான் அவர் கண் மங்குவது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மோகனூர் பஸ் நிறுத்தத்தில் ஒருநாள், "போர்டுல என்னம்மிணி போட்டிருக்குது?" என்று கேட்டார். நான் எட்டாவதோடு நின்றவள். எப்போதும் எனக்குப் படித்துச் சொல்கிறவர் அவர்தான். அடுத்த வாரம் கோழிப்பண்ணை வாசலின் கல்தூணில் வண்டியை உரசினார். எதிர்வெயில் என்றார். அன்று காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது.

கேட்க வாய் வரவில்லை. அவர் வண்டி எடுக்கும்போதெல்லாம், சாலையைக் கடக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் எனக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

நான் முட்டைகளை அட்டையில் அடுக்கும் கிடங்கின் முன்னால், சாலைப் பாதுகாப்பு வாரத்தின்போது போக்குவரத்து ஏட்டு ஒருவர் ஓட்டுநர்களைக் கூட்டினார். எதிரே நின்ற லாரியைக் காட்டி, "அந்த நம்பரைப் படிங்க. படிச்சிட்டா கண்ணு நல்லாருக்குதுன்னு அர்த்தம். ஆஸ்பத்திரிக்கெல்லாம் அலைய வேண்டாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கண்ணாடி மட்டும் மாட்டிராதீங்க. மாட்டுனா ஹெவி லைசென்ஸ் போயிரும்" என்றார். நல்லது செய்வதாகவே நினைத்துச் சொன்னார்.

இவர் முறை வந்தது. எண்ணைத் தடங்கலில்லாமல் சொன்னார்.

"என்ர வண்டி நம்பரை நானே மறந்தாலும் இவன் மறக்க மாட்டானுங்க ஏட்டையா!" என்றார் லாரிக்காரர் கருப்பண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாரி நின்றது பன்னிரண்டு காலடித் தூரத்தில். அதன் பின்பலகைக் கிளி இவரே வரைந்தது.

அடுத்த மாதம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போடும் படிவத்தை வாங்கி வந்திருந்தார். பன்னிரண்டாவது படிக்கும் எங்கள் மகள் கனிஷ்கா அந்த இங்கிலீஷைப் படித்தாள்.

"நல்ல பகல் வெளிச்சத்துல, இருபத்தஞ்சு மீட்டர் தூரத்துல கார் நம்பர் தெரியுதான்னு டாக்டர் எழுதோணும்மா."

"கண்ணாடியப் பத்தி?"

"பார்வைக் குறை இருந்தா, கண்ணாடி போட்டுச் சரி பண்ணியிருக்குதான்னு கேட்டிருக்குது. ஏட்டு சொன்னது ரெண்டுமே தப்பு."

"தெனமும் ரோட்ல நிக்கறவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா? கம்முனு பரிச்சைக்குப் படி" என்று இவர் அவளை அடக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் யாரும் இல்லை. என்னிடம் அளவு நாடா இல்லை. ஒரு சேலை ஐந்தரை மீட்டர் என்று தெரியும். சேலையைத் தரையில் நான்கு முறை நீட்டி, ஐந்தாவது தடவை பாதியாக மடித்துப் போட்டேன். அந்த முனையில், கனிஷ்கா எண் எழுதிக் கொடுத்த அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, இந்த முனைக்கு அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, அதைச் செத்தப் படிங்க."

கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓர் எட்டு முன்னால் வைத்தார்.

"நின்ன எடத்துலயே நில்லுங்க." இத்தனை வருடத்தில் அவரிடம் நான் அப்படிச் சொன்னதில்லை.

வெகுநேரம் பார்த்தார். "யாரு வண்டி அது?"

"யாரு வண்டியும் இல்லீங்க."

"பின்னே எப்படிப் படிக்கறது?"

பக்கத்தில் நின்ற கனிஷ்கா சிரித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் அங்கேயே அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"லைசென்ஸ் போச்சுன்னா என்ன பண்ணுவேன் அம்மிணி? எனக்கு வேற என்ன தெரியும்?"

"பெயிண்ட் அடிக்கத் தெரியுமுங்களே."

"அதுக்குங் கண்ணு வேணுமே."

மறுநாள் கண் டாக்டரிடம் போனோம். "ஒன்னுமில்லீங்க, சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் அவர். டாக்டர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பஸ் போர்டு, கல்தூண், இல்லாத வெயில் எல்லாவற்றையும் நானாகவே சொன்னேன். டாக்டர் ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றிப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் இவர் எழுத்தைச் சரியாகப் படிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணாடி போட்டா நல்லாத் தெரியுது. செஞ்சு மாட்டிக்கிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன். அது இல்லாம வண்டியத் தொடக்கூடாது" என்றார் டாக்டர்.

உரிமம் புதுசாகி வந்த பிறகு முதல் லோடு. கிடங்கிலிருந்து சாலை முனை வரை வந்து நின்று பார்த்தேன். அங்கே அதே ஏட்டு நின்றிருந்தார். லாரி அவரை நெருங்கியபோது இவர் கை முகத்துக்குப் போனது. கழற்றிவிடுவார் என்றே நினைத்தேன். மூக்கில் இறங்கிய கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, முனையில் வண்டியை வளைத்து ஓட்டிப் போனார்.

அந்த அட்டை இன்னும் கிடங்குச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. அவர் ஊருக்குத் திரும்புவதற்குள் எண்ணை மாற்றி எழுதிவைக்கும்படி கனிஷ்காவிடம் சொல்லியிருக்கிறேன். பழைய எண்ணை இந்நேரம் மனப்பாடம் செய்திருப்பார்.