குழாயில் அடைப்பு இருக்கிறதா?

போன மாதம் காளவாசல் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். ஹாலில் நிற்க இடமில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தார்.

"யாரும்மா கவிதா? குழந்தை இல்லைன்னு டியூப் டெஸ்ட்டுக்கு வந்தது நீங்கதானே?"

கை உடைந்தவர், இருமுகிறவர், இருமாதவர்… மொத்த ஹாலும் திரும்பிப் பார்த்தது. எக்ஸ்ரே என்றால் உள்ளே இருப்பது வெளியே தெரியும்தான். ஆனால், அது அறைக்குள் போன பிறகு என்றல்லவா நினைத்திருந்தேன்!

கவிதா என் தங்கை மகள். பசுமலையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. தங்கைக்கு மூட்டு வலி என்பதால் பெரியம்மாவான நான் துணைக்குப் போனேன். கவிதாவின் கணவன் பிரபுவும் வந்திருந்தான் — டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன் அம்மா பாண்டியம்மாள், திருவாதவூரிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டார்.

மருமகளின் எக்ஸ்ரேவுக்கு மாமியார் எதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டும்? ஆட்டோவில் வரும்போதே கவிதா சொல்லியிருந்தாள்.

"இதுல அடைப்புன்னு வந்தா ஒரு முடிவு எடுக்கணும்னு பேசிக்கிட்டாங்களாம் பெரியம்மா. அவருக்கு வேற பொண்ணு பாக்கணுமாம்."

"பிரபு என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல."



டெஸ்ட் என்னவோ சாதாரணமானதுதான். கருப்பைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். மருந்து கருக்குழாய்கள் வழியாக வெளியே வழிந்தால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். மாதவிலக்கு முடிந்த சில நாட்களுக்குள் எடுப்பார்கள். அதுவரை கணவன் மனைவி சேரக் கூடாது. வயிற்றில் கரு இல்லை என்பது உறுதியாக வேண்டும் அல்லவா? முன்கூட்டியே ஒரு வலி மாத்திரை. மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால், ஊரில் டாக்டர் மட்டுமா பேசுகிறார்? எதிர்வீட்டு அக்கா, "உசுரே போயிரும்டி" என்று சொல்லியிருக்கிறார். கூட வேலை பார்க்கும் டீச்சர், "கொசு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லியிருக்கிறார். யூடியூபில் ஒரு பெண் அழுதுகொண்டே விளக்கியிருக்கிறார்.

பக்கத்தில் கைக்கட்டோடு இருந்தவருக்கு மனசு கேட்கவில்லை. "தங்கச்சி, கோயில்ல ஒன்பது வாரம் விளக்குப் போடும்மா, தன்னால தங்கும்" என்றார். "அண்ணே, உங்க கைக்கும் அங்கேயே ஒரு விளக்குப் போட்டிருக்கலாமே?" நாக்கு நுனி வரை வந்தது… விழுங்கிவிட்டேன்.

கூப்பிட்டார்கள். துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். எல்லோரும் பிரபுவைப் பார்த்தோம்.

"நீங்க போங்க பெரியத்தை. எனக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது."

வாசலில் நர்ஸ் என்னை நிறுத்திக் கேட்டார். "கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்காம்மா?" எனக்கு அறுபது நெருங்குகிறது. 'இல்லை' என்று சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது! ஈயம் வைத்த கவசம் ஒன்றை மாட்டிவிட்டார்கள். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது.

டாக்டர் ஒரு பெண். ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார். காலை மடக்கிப் படுக்க வைத்தார். கருப்பை வாய் தெரிவதற்கு ஒரு கருவி வைத்தார். பிறகு மெல்லிய குழாய். "இப்ப மருந்து போகுது. மூச்ச இழுத்து விடுங்க. தாங்கலைன்னா சொல்லுங்க, நிறுத்திடுவேன்."

திரையில் தலைகீழாக ஒரு சின்ன முக்கோணம் தெரிந்தது. அதுதான் கருப்பையாம். கணக்கு டீச்சருக்குள்ளும் முக்கோணம்தான்!

அப்போதுதான் கவிதா என் கையைப் பிடித்து நெரித்தாள். "பெரியம்மா… மாசாமாசம் வர்ற வலி எல்லாம் மொத்தமா வருது…"

முக்கோணத்தின் ஒரு மூலையிலிருந்து நூல் மாதிரி ஒரு கோடு கிளம்பியது. வளைந்தது. நுனியில் புகையாகக் கலைந்தது. அது வலது குழாய். இடது பக்கம்? ஒன்றுமே காணோம். அந்த மூலை மொட்டையாக நின்றது. கவிதா திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசம்.

"பயப்படாதீங்க," என்றார் டாக்டர். "பதற்றத்துல குழாய் இறுக்கிக்கும். பாக்கறதுக்கு அடைப்பு மாதிரியே இருக்கும். கொஞ்சம் பொறுப்போம்." கவிதாவை லேசாகத் திருப்பிப் படுக்க வைத்தார். பேச்சுக் கொடுத்தார். மறுபடியும் மருந்தைச் செலுத்தினார்.

மெதுவாக… மிக மெதுவாக இடது பக்கமும் ஒரு நூல் எட்டிப் பார்த்தது.

"ரெண்டும் திறந்திருக்கும்மா."

அத்தனை வலிக்கும் அழாதவள், அப்போது அழுதாள். ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லேசாக ரத்தம் படும், பேட் வைத்துக்கொள்ளுங்கள், வயிற்றுவலி ஓரிரு நாள் இருக்கலாம் என்றார்கள். காய்ச்சல், துர்நாற்றம், அதிக ரத்தப்போக்கு, ஏறிக்கொண்டே போகும் வலி — இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் ஓடி வர வேண்டுமாம்.

முடிவைச் சொல்ல டாக்டரே வெளியே வந்தார். பாண்டியம்மாள் முந்திக்கொண்டார்.

"எம்புட்டு அடைப்பு இருக்கு டாக்டரம்மா?"

"அடைப்பே இல்லம்மா. கருப்பையும் நல்லா இருக்கு."

"அப்பறம் ஏன் தங்க மாட்டேங்குது?"

"அதுக்கு எத்தனையோ காரணம் இருக்கு. உங்க மகன் ரிப்போர்ட் எங்க? ஃபைல்ல காணோமே. விந்து பரிசோதனையை முதல்லயே பாத்திருக்கணும். அதுல ஊசியும் இல்ல, வலியும் இல்ல."

பிரபு நெஞ்சை நிமிர்த்தினான். "எனக்கு எதுக்கு டாக்டர்? நான் தினம் ஜிம்முக்குப் போறேன்."

"ஜிம்முல இதப் பாக்க மாட்டாங்களேப்பா."

இரண்டு வருடமாகக் கவிதாவுக்கு ரத்தம், தைராய்டு, ஸ்கேன் என்று எல்லாம் எடுத்தாயிற்று. இவன் முறை வரும்போதெல்லாம் கடையில் லோடு இறங்கும். மாலை போட்டிருப்பான். சொந்தத்தில் யாருக்காவது காதுகுத்து வரும்.

பாண்டியம்மாள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெடித்தார்.

"அப்ப அடைப்பு எங்கடா இருக்கு? அந்தப் புள்ள வயித்துக்குள்ள குழாய விட்டே பாத்தாச்சு. நீ ஒரு டப்பாவுல குடுக்க மாட்டியா? டெஸ்ட்டக் குடுக்காம வீட்டுப் பக்கம் வந்துராத!"

மொத்த ஹாலும் மறுபடி திரும்பிப் பார்த்தது. இந்த முறை பிரபுவை. கைக்கட்டுக்காரர் விளக்கு எதையும் சிபாரிசு செய்யவில்லை.

கொடுத்தான். அணுக்கள் குறைவாக இருக்கின்றன என்று ரிப்போர்ட் வந்தது. சிகரெட்டை விடு, உடம்பைப் பார்த்துக்கொள், சில மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், நம்பிக்கை இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். திருவாதவூரிலிருந்து மாதுளம்பழம் வருகிறது. "கடை டென்ஷன்தான், வேறொண்ணுமில்ல" என்கிறார்கள் பிரபு வீட்டார். 'ஒரு முடிவு' பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

நானாகத்தான் கவிதாவைச் சீண்டினேன். "உனக்கு வேற மாப்ள பாத்துருவோமா?"

"சும்மா இருங்க பெரியம்மா. பாவம், ரிப்போர்ட்டப் பாத்துட்டு அழுதுட்டாரு. இப்ப ஆஸ்பத்திரிக்கு எங்கூட உள்ள வரைக்கும் வாராரு."

வாடை எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் பாண்டியம்மாள் போன் செய்தார். "மதினி, பிரபு சங்கதி வெளிய யாருக்கும் தெரிய வேணாம்." சரி என்றேன். இதை எழுதலாமா என்று பிரபுவிடமும் கேட்டேன். பேரை மாற்றிவிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னான். சொன்னபடி எல்லோருடைய பெயரையும் மாற்றிவிட்டேன்.

கவிதா மட்டும், "எம் பேரு அப்படியே இருக்கட்டும் பெரியம்மா… ஊருக்கே தெரிஞ்ச பேருதானே!" என்று சொல்லிவிட்டாள்.