மாங்காய் தொடாத வியாபாரிகள்

மணிமேகலை கூலிக்காரர் வீட்டுப் பெண். தக்காளித் தோட்டங்களில் தாயோடு களையெடுத்தபோதே கன்னடமும் தெலுங்கும் அவள் வாயில் ஒட்டிக்கொண்டன. இப்போது வேப்பனப்பள்ளிப் பக்கம் தனிப்பிரிவுப் போலீஸ் ஏட்டு. ஊர் ஊராகப் போய்ச் சேதி சேகரித்து மேலே அனுப்புவது அவள் வேலை.

அந்த வைகாசியில் டெல்லியிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. நாசவேலைக்குத் திட்டமிட்ட கும்பல் ஒன்று, குவாரியில் திருடிய வெடிமருந்தோடு நீல நிற வேனில் மாநில எல்லை தாண்டக்கூடும்.

நாலு நாள் கழித்து விவசாயி பெருமாள் போன் செய்தார்.

"ஏட்டம்மா, நம்ம ஊரு மாந்தோப்புக் கொட்டாய்ல ரெண்டு பேரு வாடகைக்கு வந்திருக்காங்க. மாங்கா வியாபாரிங்களாம். ஒரு காயக்கூடத் தொட்டுப் பாக்கலீங்க. ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க."

அவள் சேதி சொன்னதும் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு தோப்பைச் சுற்றி வளைத்தார். மணிமேகலை பழைய சேலையில், கூடையும் கையுமாக உள்ளே போனாள்.

"காய் என்ன விலைக்கு எடுக்கறீங்க?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

ஒருவன் விலை சொல்லத் தெரியாமல் திருதிருவென விழித்தான். மற்றவன் எழுந்தபோது இடுப்பில் துப்பாக்கி தெரிந்தது. அவள் குரல் கொடுக்க, இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார். இருவரும் கையைத் தூக்கினார்கள்.

"சுடாதீங்க சார், நாங்களும் போலீசு!"

பக்கத்து மாநிலத்து எஸ்.ஐ. சென்னகிருஷ்ணன் அடையாள அட்டையை நீட்டினார். அதே எச்சரிக்கை அவர்களுக்கும் வந்திருந்தது.

"சொல்லாம வந்தது தப்புதான் மேடம். ஆனா இங்க ஒருத்தர் தினம் வந்து எங்கள முறைச்சுப் பாக்கறாரு. அவர் மேல பயங்கர சந்தேகம். பேரு விசாரிச்சு டெல்லிக்கே அனுப்பிட்டோம். பெருமாளாம்!"

மணிமேகலை கூடையைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இன்ஸ்பெக்டருக்கும் அடக்க முடியவில்லை.

அங்கிருந்தே அவர் டெல்லி அதிகாரியை அழைத்தார். சந்தேகப் பட்டியலிலிருந்து பெருமாளின் பெயர் நீங்கியது. இனி வரும் சேதி இரு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் வரும், இரு பக்கமும் நேராகப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது.

அந்த வாரமே சென்னகிருஷ்ணன் அவளுக்குப் போன் செய்தார். "நீல வேன் எங்க செக்போஸ்ட்ட ஏமாத்திட்டு உங்க பக்கம் திரும்பிடுச்சு மேடம்!"

மாங்காய் ஏற்றிய டிராக்டர்களைச் சாலையில் குறுக்கே நிறுத்தச் சொன்னாள் மணிமேகலை. வேன் சிக்கியது. யாருக்கும் சேதமில்லாமல் ஆட்கள் வெடிமருந்தோடு பிடிபட்டார்கள்.

விஷயம் முழுவதும் தெரிந்தபோது பெருமாள் கோபப்படுவார் என்று அவள் பயந்தாள். அவரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"டெல்லி வரைக்கும் நம்ம பேரு போயிருக்குதுன்னு சொல்லுங்க!"

டீக்கடையில் அன்று எல்லோருக்கும் அவர் செலவில்தான் டீ.