ஓட்டு எண்ணிய நாளும் அப்பாவின் மீசையும்

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கி வைத்திருந்த கோலமாவில்தான் நான் நாடாளுமன்றத்தை வரைந்தேன். வாசல் சிமெண்டுத் தரையில் ஓர் அரைவட்டம், குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் அப்பாவின் இடதுசாரிக் கட்சியும் அதன் கூட்டாளிகளும். வலப்பக்கம் அதுவரை ஆண்டுகொண்டிருந்த வலதுசாரிகள். அரசியல் அறிவியல் படித்து முடித்த சூடு எனக்கு. டிவியில் முன்னிலை மாற மாற, ஓடி ஓடி அழித்து வரைந்தேன்.

"விசேஷத்துக்கு வச்ச மாவுடா அது," என்றாள் அம்மா. அவள் கோபம் மாவின் மேல் இல்லை, அப்பாவின் மீசை மேல்.

கரும்பு வெட்டின சமயம், மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் டிராக்டரோடு காத்துக் கிடந்தபோது, அப்பாவும் பக்கத்துக் கழனிக்கார மாமாவும் பந்தயம் கட்டிவிட்டார்கள். ஆட்சி மாறும், மாறாவிட்டால் மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்றார் அப்பா. ஆளுங்கட்சி யார் தயவும் இல்லாமல் தனியாகவே பெரும்பான்மை வாங்கும், வாங்காவிட்டால் என் மீசை போகட்டும் என்றார் மாமா. காத்திருந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் சாட்சி.

அப்போது அக்காவுக்கு வரன் அமைந்திருக்கவில்லை. இப்போது நிச்சயம் அந்த வாரக் கடைசியில். எங்கள் பக்கம் அப்பா வயது ஆள் மீசை இல்லாமல் வந்து நின்றால், வீட்டில் சாவு விழுந்து கொள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். தீட்டு வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்ற மாட்டார்கள்.

மதியம்வரை கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. அக்கா டிவியைப் பார்க்கவில்லை. ஜன்னலருகே நின்று என் அரைவட்டத்தையே பார்த்தாள். மாமா வந்தார்.

"இன்னா மச்சான், உங்க பக்கம் வீங்கிக்கினே போவுது?"

"இரு, இன்னும் முடியல." அப்பாவின் கை மீசையிலேயே இருந்தது.

சாயங்காலம் தெளிந்துவிட்டது. ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. ஆனால் தோழமைக் கட்சிகள் தாங்கிப் பிடித்தால் ஆட்சி நிற்கும். தாங்கிப் பிடிப்பதாகவும் சொல்லிவிட்டார்கள்.

"நீ படிச்சவன்," என்றார் மாமா என்னிடம். "யாரு ஜெயிச்சான்னு நீயே சொல்லு."

அக்கா என் வாயைப் பார்த்தாள்.

"சபை இடதுபக்கம் சாஞ்சிருக்குப்பா. இனிமே எதுன்னாலும் ஆளுங்கட்சி கூட்டாளிங்களக் கேட்டாவணும். எதிர்ல இருக்கறவங்களும் ஜாஸ்தி. ஆனா..."

"ஆட்சி மாறல," என்று அப்பாவே முடித்தார். "நான் சாயும்னா சொன்னேன்? மாறும்னுதான சொன்னேன்." செருப்பை மாட்டிக்கொண்டார். "நீயும் கெளம்பு மச்சான். தனியா வாங்கல இல்ல, நீயுந்தான் தோத்த."

அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அப்பா பந்தலில் நுழைந்ததும் நின்றுவிட்டார். அப்பாவின் மழித்த மேலுதட்டைப் பார்த்து, "வூட்ல யாராச்சும் தவறிட்டாங்களா? ஒரு வார்த்த சொல்லலியே," என்றார். பின்னால் வந்தவர்களும் அப்படியே நின்றார்கள். கதவோரம் அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமா வந்து அப்பாவை ஒட்டி நின்றார், அதே மழித்த மூஞ்சியோடு.

"சாவு இல்லீங்க சம்மந்தி, எலெக்‌ஷன். பந்தயம் கட்டி ரெண்டு பேருமே தோத்துட்டோம்."

மாப்பிள்ளையின் அப்பா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நல்லவேள, நான் டீக்கடைல வாயத் தொறக்கல," என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்.