பச்சைப் பனியனும் ஒரு தூக்குக் கஞ்சியும்

பசி என்றால் என்ன என்று ஒரு பெரிய மனிதர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மைக் பிடித்துச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஏப்பம் வந்தது. நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். மைக்கை நகர்த்த மறந்துவிட்டார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் அந்த ஏப்பம் கணீரென்று கேட்டது. வெறும் வயிற்றோடு வெயிலில் உட்கார்ந்திருந்த நாங்கள் அத்தனை பேரும் கேட்டோம். என்ன சாப்பிட்டிருப்பார் என்று என் பக்கத்தில் ஒருத்தி யோசிக்கவே ஆரம்பித்துவிட்டாள். பொங்கல் என்றாள். நான் பூரி என்றேன்.

செல்போனில் கேமரா என்பது மேனேஜர்களுக்கு மட்டுமே வாய்த்த காலம் அது. நான் மீஞ்சூரில் குடியிருந்தேன். எங்கள் கம்பெனி செய்தது பிளாஸ்டிக் மூடி. தண்ணீர் பாட்டில் மூடி, எண்ணெய் கேன் மூடி, ஊறுகாய் டப்பா மூடி. பேக்கிங்கில் இருந்த பெண்கள் எல்லோரும் காண்ட்ராக்ட் ஆட்கள். அதாவது உழைப்பது கம்பெனிக்கு, கையெழுத்துப் போடுவது காண்ட்ராக்டரிடம், உடம்பு சரியில்லை என்றால் போய்ப் படுப்பது அவரவர் வீட்டில்.

முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட ஏது நேரம்? ரயில்தான் எங்களுக்குச் சாப்பாட்டு அறை. அதிலும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பொன்னேரி தாண்டும்வரை யாரும் டப்பாவைத் திறக்கக் கூடாது. பொன்னேரியில்தான் கடைசி ஆள் ஏறுவாள், அவள் வராமல் சாப்பிட ஆரம்பித்தால் அது மரியாதை இல்லை. வண்டி நகர்ந்ததும் மூடிகள் திறக்கும். ஒருத்தியின் இட்லி இன்னொருத்தியின் டப்பாவுக்குப் போகும், யாரோ கொண்டுவந்த மீன்குழம்பு எல்லோர் கைக்கும் வரும். முடிந்ததும் சீட்டைத் துடைத்து, காகிதத்தைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் இறங்குவோம். நாங்கள் உட்கார்ந்த இடத்தில் ஒரு பருக்கை கிடந்ததாக எவரும் சொல்ல முடியாது. ரயில் சுத்தத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தார்கள் பாருங்கள், அதனால் சொல்கிறேன்.

அந்தக் கடைசி ஆளைப் பொன்னேரிக்காரி என்றே கூப்பிடுவோம். அப்பன் ஆத்தாள் வயலில் கூலிக்குப் போனவர்கள். இப்போது அந்த வயல்களில் கல் நட்டு மனை போட்டிருந்தார்கள். இவள் மூடி எண்ணிப் போடும் பெட்டி தூக்க வந்துவிட்டாள். புருஷன் லாரியிலிருந்து விழுந்து கால் முறிந்து வீட்டில் கிடந்தான். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இந்த லட்சணத்தில் அவளுக்கு ஐந்தாம் மாதம்.

எதைத் தின்றாலும் வாந்தி. பழைய சோற்றுக் கஞ்சியில் மோர் விட்டு, வெங்காயம் கடித்துக் குடித்தால் மட்டும் வயிற்றில் நிற்கும். அதைத் தூக்கில் கொண்டுவருவாள். நேரத்துக்குக் குடிக்காவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். வேலை செய்கிற இடத்தில் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பயம். விழுந்தால் நர்ஸ் வருவாள், நர்ஸ் வந்தால் விஷயம் காண்ட்ராக்டர் காதுக்குப் போகும். வயிறு தெரிந்த பெண்ணை அவன் வைத்துக்கொண்டதே இல்லை. திட்டமாட்டான். "ரெஸ்ட் எடும்மா" என்று பல்லைக் காட்டிக்கொண்டே சொல்வான். மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். எட்டாம் மாதம்வரை ஓட்டிவிட வேண்டும் என்று இவள் கணக்குப் போட்டிருந்தாள். பேக்கிங்கில் எங்களுக்குக் கொடுத்திருந்த நீலக் கோட்டு கோணிப்பை மாதிரி தொளதொளவென்று இருக்கும். அது அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கனமான பெட்டிகளை நாங்கள் தூக்கிவிடுவோம்.

அப்போதுதான் பர்சனல் டிபார்ட்மென்ட் மேடத்துக்குப் பூமியின் மேல் பாசம் பொங்கியது. சுற்றுச்சூழல் நாள் கொண்டாடப் போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஸ்டேஷனிலிருந்து எங்களை ஏற்றிப் போகும், புகை கக்கும் கம்பெனி பஸ் அன்று ஓடாது. எல்லோரும் ரயிலில் வந்து, வரும்போதே பெட்டியைச் சுத்தம் செய்து, ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்கு நடந்தே வர வேண்டும். அதோடு விட்டார்களா? உலகத்தில் பசித்திருப்பவர்களை நினைத்துப் பார்ப்பதற்காக அன்று கேன்டீன் அடுப்பு பற்ற வைக்கப்படாது. பசியை நினைத்துப் பார்க்க எங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தந்தார்கள், புண்ணியவான்கள்.

எல்லாம் தன்னார்வம், விருப்பப்பட்டவர்கள் மட்டும் வரலாம் என்று நோட்டீஸின் கடைசி வரியில் போட்டிருந்தது. விருப்பப்படாதவர்களுக்கு ஆப்சென்ட் போடுவேன் என்று காண்ட்ராக்டர் வாயால் சொன்னான். எங்களுக்கு உடனே ஆர்வம் வந்துவிட்டது.

பொன்னேரிக்காரி கவலைப்படவில்லை. ரயிலில் கஞ்சியைக் குடித்துவிட்டால் மத்தியானம்வரை தாங்கும், அப்புறம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அன்று காலையில் மேடம் மீஞ்சூர் ஸ்டேஷனில் எங்களோடு ரயில் ஏறினார். பொதுப் போக்குவரத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. சென்னையிலிருந்து அவரைக் கொண்டுவந்த கார், அவரை ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டு, காலியாக ரோட்டு வழியே கும்மிடிப்பூண்டிக்குப் போனது. கூடவே கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவன். ஆளுக்கொரு பச்சைப் பனியன், கையுறை, சாக்கு கொடுத்தார்கள். பனியனின் நெஞ்சில் தூய ரயில், பசுமைப் பூமி என்று எழுதியிருந்தது. நாங்கள் பொறுக்கிய பாட்டில்களில் பாதிக்கு எங்கள் கம்பெனி மூடி. எங்கள் கையால் எண்ணிப் போட்ட மூடி எனக்குத் தெரியாதா?

பொன்னேரியில் அவள் ஏறினாள். சின்னப் பனியனை நீட்டினார்கள். நான் என்னுடைய பெரிய பனியனைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு அதை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவள் துப்பட்டாவை முன்னால் பரப்பி விட்டுக்கொண்டாள். மேடம் வந்து, வாசகம் மறைகிறது என்று அந்தத் துப்பட்டாவை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டுப் போனார்.

வண்டி நகர்ந்தது. பழக்கதோஷம், நாலைந்து டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. மேடம் ஓடி வந்தார்.

"இன்னிக்கு மட்டும் வேண்டாமே ப்ளீஸ். கோச்சை க்ளீன் பண்ண வந்தவங்களே சாப்பிட்டா போட்டோல எப்படி இருக்கும்?"

டப்பாக்கள் மூடிக்கொண்டன. பொன்னேரிக்காரி தூக்கை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். இறங்கியதும் ஸ்டேஷன் ஓரமாக நின்று குடித்துவிடு என்று காதில் சொன்னேன். எதிர் சீட்டில் சமோசா தின்றுகொண்டிருந்த ஆள், எண்ணெய்க் காகிதத்தைக் கசக்கி அவள் கையில் கொடுத்தான். குப்பை பொறுக்குகிறவள்தானே என்ற நினைப்பு.

இறங்கியதும் இன்னொரு கூத்து. கையில் பையோடு நடந்தால் ஊர்வலம் மாதிரி தெரியாதாம். பைகள், டப்பாக்கள், தூக்கு எல்லாவற்றையும் வாங்கிக் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டினார்கள். மேடமும் காரில் ஏறிக்கொண்டார், முன்னாலிருந்து வீடியோ எடுப்பதற்காக. எங்கள் நாஷ்டா காரில் போனது. நாங்கள் லாரிப் புகையிலும் புழுதியிலும், பஸ்ஸில் போவீர், காற்றைக் காப்பீர் என்று கத்திக்கொண்டு நடந்தோம். பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டு அந்தக் கோஷத்தைப் போடச் சொல்கிறார்களே என்று ஒருத்தி சிரிக்க, மற்றவர்களுக்கும் சிரிப்பு வந்தது. பொன்னேரிக்காரி சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அப்புறம்தான் சிறப்பு விருந்தாளியாக வந்த பெரிய மனிதரின் அந்த ஏப்பப் பேச்சு. பேச்சு முடிந்ததும், பசித்தவர்களுக்காகக் கண்ணை மூடி மௌனமாக இருக்கச் சொன்னார்கள். மூடினோம். நான் கண்ணைத் திறந்தபோது அவள் வேப்பங்கன்றுக்குக் கட்டியிருந்த மூங்கில் வேலியில் சாய்ந்து கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது. உதடு காய்ந்திருந்தது.

நான் எழுந்து காருக்குப் போனேன். டிரைவர் புதுவாயல் பையன். டிக்கியைத் திற என்றேன்.

"மேடம் சொல்லாம தொறக்கக் கூடாதுக்கா. அப்பறம் எனுக்குத்தான் பேஜாரு."

"இன்னா, தொறக்கிறியா, கல்லெடுத்து நான் தொறக்கட்டுமா?"

என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத் திறந்தான். தூக்கு சாய்ந்து பாதிக் கஞ்சி டிக்கியில் கொட்டியிருந்தது. மேடம் காரில் ஒரு மாசத்துக்குப் புளிச்ச வாடை அடிக்கட்டும் என்று மனசார நினைத்துக்கொண்டேன். மிச்சத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவளைத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் கூட்டிப் போய்க் குடிக்க வைத்தேன். குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"யாரும் பாத்துக்கினு இல்லியேக்கா?" என்றாள்.

ஒருத்தனும் பார்க்கவில்லை என்றேன். அப்படித்தான் நம்பினேன். மாடியிலிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. விருந்தாளிகள் விரதத்துக்குப் பழக்கப்படாதவர்களாம்.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் போட்டோக்களை ஒட்டினார்கள். நட்டநடுவில் பெரிதாகப் பொன்னேரிக்காரி. வேலியில் சாய்ந்து, கண் மூடி, தலை கொஞ்சம் பின்னால் போய். வேர்வையில் பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள் தங்களை அறியாமல் செய்வார்களே, அதுபோல ஒரு கை அடிவயிற்றைத் தாங்கியிருந்தது. கீழே கொட்டை எழுத்தில், உலகின் பசிக்காகக் கண்மூடிப் பிரார்த்திக்கும் எங்கள் தன்னார்வலர் என்று போட்டிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் விஷயம் தெரிந்துவிடும். மேடமும் பெண்தான், அவருக்குத் தெரியவில்லை. அவர் படத்தில் பனியனைத்தான் பார்த்திருப்பார்.

ஓடிப் போய், அதை எடுத்துவிடுங்கள், அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். ரொம்ப இயற்கையாக வந்திருக்கிறது, ஹெட் ஆபீசுக்கும் அனுப்பியாகிவிட்டது என்று மேடம் பூரித்துப் போனார். நான் திரும்பி வருவதற்குள் காண்ட்ராக்டர் போர்டு முன்னால் நின்றுகொண்டிருந்தான். ரொம்ப நேரம் நின்றான். அன்று ஷிப்ட் முடிந்து போகும்போது அவளைக் கூப்பிட்டு, "ரெஸ்ட் எடும்மா" என்றான்.

மறுபடியும் மேடத்திடம் போனேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். உச்சுக்கொட்டினார்.

"பாவம்தான். ஆனா அவங்க எங்க ஆள் இல்லையே. காண்ட்ராக்டரோட ஆள். நாங்க எப்படித் தலையிட முடியும்?"

போட்டோவுக்குக் கீழே எங்கள் தன்னார்வலர் என்று போட்டிருக்கிறதே மேடம், அது யாரை என்று கேட்டேன். அவருக்கு உடனே ஒரு போன் வந்துவிட்டது.

அதற்கப்புறம் எங்கள் ரயில் வழக்கத்தில் ஒரு மாற்றம். பொன்னேரி வருவதற்கு முன்பே டப்பாக்களைத் திறந்தோம். ஆளுக்கொரு கை எடுத்து ஒரு டப்பாவில் சேர்த்து, வண்டி நிற்கும்போது பிளாட்பாரத்தில் நிற்கும் அவளிடம் நீட்டுவோம். முந்தின நாள் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்திருப்பாள். பிள்ளை பிறக்கும்வரை இது நடந்தது. இதை யாரும் போட்டோ எடுக்கவில்லை. எடுக்க வந்திருந்தால் கேமராவைத் தண்டவாளத்தில் எறிந்திருப்பேன்.

புது வருஷத்துக்குக் கம்பெனி காலண்டர் கொடுத்தார்கள். மேல் அட்டையில் அவள்தான், அதே வாசகத்தோடு. என் பங்குக்கு வந்ததைக் கிழித்துப் போட இருந்தேன். அதற்குள் அவளே ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள், ஒரு காலண்டர் வேண்டும் என்று. எனக்கு வந்ததே கோபம். ரோஷம் என்று ஒன்று இருக்கிறதா இவளுக்கு என்று திட்டிக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்துப் பிள்ளையைப் பார்க்கப் போனபோது அந்தப் படம் சுவரில் ஒட்டியிருந்தது. இதை எதற்கடி ஒட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டே விட்டேன்.

"எனுக்கு வளகாப்பு கூட பண்லக்கா. இவ உள்ளாற இருக்க சொல்லோ எடுத்த போட்டோ இது ஒண்ணுதான்" என்றாள்.

படத்தின் கீழே இருந்த எழுத்தை மட்டும் கத்தரித்து எடுத்திருந்தாள். அந்தத் துண்டு எங்கே என்று கேட்டேன். அடுப்பு பற்ற வைத்தேன் என்றாள். அதற்காவது உதவியதே.