மாப்பிள்ளை கொடுத்த வண்டி, வேங்கிக்காலில் கழற்றிய சக்கரம்

போன மாசியில் ஜவ்வாது மலைக்குக் கிளம்பியதற்கு அருவி ஒரு சாக்கு. உண்மையான காரணம் என் தங்கை கவிதாவின் கணவர் ராஜேந்திரன். மாதம் ஒருமுறை மலையேறாவிட்டால் தூக்கம் வராத மனிதர். ஒரு வருடத்துக்கு முன் இதய ஆபரேஷன் ஆனதிலிருந்து வீடு விட்டால் ஆபீஸ், ஆபீஸ் விட்டால் வீடு என்று சுருங்கிவிட்டார். ஆசையாக வைத்திருந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியையும் என்னிடமே விற்றுவிட்டார். அதே வண்டியில் அவரை மலைக்குக் கூட்டிப்போனால் ஆள் பழையபடி ஆகிவிடுவார் என்பது என் திட்டம்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தாம்பரத்தில் கிளம்பினேன். திண்டிவனத்தில் டிபன், நூற்றிருபது ரூபாய், பொங்கலில் மிளகைத் தேட வேண்டியிருந்தது. செஞ்சி வழியாகச் சுமார் நூற்றெழுபது கிலோமீட்டர். ஒன்பதரைக்குக் கிரிவல மலையை ஒட்டிய வேங்கிக்காலில் தங்கை வீட்டு வாசலில் நின்றேன். காரில் வருபவர்கள் பௌர்ணமியையும் அதற்கு முந்தைய நாளையும் தவிர்த்துவிடுங்கள். கிரிவலக் கூட்டத்தில் வண்டியை எடுக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் முன்பு பஞ்சர் கடைக்காரர் ஒருவர் முன்பக்க இடது டயரின் உட்புறத்தைக் காட்டினார். கிரீஸ் தெறித்துக் கறுப்பாக இருந்தது. சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலின் முனையிலுள்ள ஜாயின்டின் மேல், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும், பூட் என்பார்கள். உள்ளே இருக்கும் கிரீஸைக் காப்பது அதுதான். அது கிழிந்திருந்தது. அப்படியே ஓட்டினால் மண் புகுந்து ஜாயின்டையே தின்றுவிடும். புது உறை, கிரீஸ், உறையை இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப் எல்லாம் எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து மாட்டிக்கொள்ளலாம், அதுவரை தாங்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மாப்பிள்ளையிடம் மட்டும் மூச்சு விடவில்லை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளை கொடுத்த பொருளைக் குறை சொல்லும் வழக்கமே கிடையாது. போதாக்குறைக்குக் கவிதா வேறு போனில் சொல்லியிருந்தாள்: “அண்ணா, வண்டில ஏதாவது ரிப்பேருன்னா அவர்கிட்ட சொல்லிடாத. மனசுல போட்டுக்குவாரு. டாக்டர் டென்ஷனே கூடாதுன்னாரு.”

காபி குடித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். விரலில் கிரீஸ்.

“என்னா மச்சான், பூட் கிழிஞ்சிருக்குது?”

“அப்படியா மாப்ள? செஞ்சிகிட்ட ஒரு கல்லு பட்டுது, அதுலதான் போலருக்கு.”

சரி, ஜாக்கியை எடுப்போம் என்று பின்கதவைத் திறந்தார். ஜாக்கி மேலேயே புது உறையின் பாக்கெட் உட்கார்ந்திருந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“மலைக்கு இப்டியே போறதா இருந்தீங்களா?” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியை விற்றவர் டூல்ஸ் பெட்டியை மட்டும் விற்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பரணிலிருந்து இறக்கச் சொன்னார். அவர் பளு தூக்கக் கூடாது என்பதால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்ல, நான் செய்வது என்று ஏற்பாடு.

வீட்டில் செய்யப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நடுவிலுள்ள பெரிய நட்டைத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரமும் சேர்ந்து சுற்றும். எனக்கு அசையவே இல்லை. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் சொருகி அதன்மேல் ஏறி நின்று குதித்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். சக்கரத்தைக் கீழ்க்கையோடு இணைக்கும் பால் ஜாயின்டைப் பிரித்து ஆக்ஸிலை வெளியே இழுக்கும்போது கியர் ஆயில் கொஞ்சம் வடியும், அடியில் பழைய டப்பா ஒன்றை வையுங்கள்.

கிழிந்த உறையை வெட்டியெடுத்து, டீசலில் ஆக்ஸில் முனை ஜாயின்டைக் கழுவினோம். அதற்குள் இருக்கும் இரும்புக் குண்டுகளை மாப்பிள்ளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். கீறல் இல்லை. “தப்பிச்சிட்டீங்க மச்சான்” என்றவர், தலை நிமிராமலே பேச ஆரம்பித்தார்.

“ஆபரேஷனுக்கு அப்புறம் எங்கிட்ட யாரும் எதுவும் சொல்றதில்ல. கரண்ட் பில் ஜாஸ்தியா வந்தா சொல்றதில்ல. சொந்தத்துல ஒருத்தர் செத்தது எனக்குப் பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரியும். இவகூட எங்கிட்ட சண்ட போட்டு ஒரு வருஷம் ஆவுது. என்னை போட்டோவா மாட்டலயே தவிர, மத்தபடி அப்டித்தான் நடத்துறீங்க.”

கவிதா துணியும் கையுமாகப் பக்கத்தில்தான் நின்றாள். நல்லது செய்வதாக நினைத்து அந்த மனிதரை நாங்கள் எவ்வளவு தனியாக விட்டிருக்கிறோம்!

புது உறையை ஆக்ஸிலில் ஏற்றி, கிரீஸை நிரப்பி, ஜாயின்டை அவரே தட்டி உட்கார வைத்தார். அப்போதுதான் பார்த்தேன். செய்தித்தாளின்மேல் சின்ன கிளாம்ப் அப்படியே கிடந்தது. அது மூடிய வளையம், உறைக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டியது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். இத்தனை கேட்ட பிறகும் எனக்கு வாய் வரவில்லை. வளர்ப்பு அப்படி.

கவிதாவுக்கு வந்தது.

“ஏங்க, ரெண்டு வளையம் இருந்துச்சே, சின்னது இங்கயே கெடக்குது! கண்ணு எங்க வெச்சிருக்கீங்க?”

மாப்பிள்ளை அசந்துபோய்ப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

“எப்பவுமே இப்டித்தான். ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறப்ப எங்கிட்ட என்னா சொன்னீங்க? கேஸ் சிலிண்டர் புக் பண்ணிடுனு சொன்னீங்க. வேற ஒரு வார்த்த சொல்லல. நான் வெளிய உக்காந்து அதையேதான் நெனச்சிட்டிருந்தேன். கடைசியா இதுதான் சொன்னாரான்னு…”

மேலே பேச முடியாமல் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை எழுந்தார். இரண்டு கையும் முழங்கை வரை கிரீஸ். தொட முடியாமல் அப்படியே நின்றார்.

“பயமா இருந்துச்சுடி. வேற எது பேசினாலும் அழுதுடுவேன்னு இருந்துச்சு.”

“எனக்கு மட்டும் இல்லியா?” என்றாள்.

நான் ஸ்பானர் தேடுவதுபோல வண்டிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கழற்றி மாட்ட இன்னொரு அரை மணி நேரம் ஆனது. மொத்தம் ஐந்து மணி நேரம். பழகியவர்கள் இரண்டில் முடிப்பார்கள். கிளாம்ப் முதலில், உறை அடுத்து, ஜாயின்ட் கடைசியில், இதை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஆறரைக்குப் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் கிளம்பினோம். ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். மலையடிவாரத்துக்கு முன்பே டீசல் போட்டுக்கொள்ளுங்கள். அருவியில் தண்ணீர் கம்மி, மழைக்காலம் முடிந்த கையோடு போனால் நன்றாக இருக்கும். டயரின் உட்புறத்தை வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள். கையில் கிரீஸ் ஒட்டினால் மறைக்காதீர்கள்.

போன வாரம் மாப்பிள்ளை போன் செய்தார். “மச்சான், ரெண்டு நாளா உங்க தங்கச்சி எங்கிட்ட பேசல. சரியான சண்ட. என் மேலதான் தப்புன்றா, நீங்க வந்து கேளுங்க.” குரலில் அப்படியொரு சந்தோஷம்.